பிரெஞ்சு மேடையும் காமன் கூத்தும்

காதல் என்னும் பொருள் நாடகத்துக்குப் புதியதன்று. ஒருவனும் ஒருத்தியும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். ஏதோ ஒன்று குறுக்கே நிற்கிறது. அது விலகினால் இன்பம், விலகாவிடில் துன்பம். கதை இவ்வளவே. ஆயினும் இக்கதையை வைத்து எழுந்த ஒரு நாடகம் பார்ப்போரை விடியும்வரை இருத்திவிடுகிறது. மற்றொன்றோ பாதி நடந்துகொண்டிருக்கும்போதே அவர்களைக் கொட்டாவி விடச் செய்கிறது. ஒரே நாடகத்தைக் கண்ட இருவரில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்ல, மற்றவர் ஏமாற்றத்தோடு எழுந்து போவதும் உண்டு. இவ்வேறுபாடு எதனால் உண்டாகிறது என்பதே இங்கே ஆராய்தற்குரியது.

இதனை ஆராய இரண்டு மேடைகள் பெரிதும் துணை செய்யும். ஒன்று பிரெஞ்சு மொழியின் நாடக மேடை. காதல் நாடகத்தைப் பற்றி அங்கு நடந்ததைப் போன்ற பெருவழக்கு வேறெங்கும் நடந்ததில்லை என்று சொல்லுமளவுக்கு, அந்நாட்டு மக்கள் அதற்காகக் கட்சி பிரிந்து வாதாடியவர்கள். மற்றொன்று இலங்கையின் மலையகத்தில், ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலை முதலிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் மாசி மாதந்தோறும் ஆடப்பெறும் காமன் கூத்து. திரையில்லை, அரங்கில்லை, நுழைவுச் சீட்டில்லை. எனினும் கதை காதற்கதையே, நாயகன் காதற்கடவுளே. பாரிஸ் நகரத்து அரங்குக்கும் லயத்து வாசலுக்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். நாடகத்துக்குத் தொடர்பில்லை, நாடகம் பார்க்கும் மனிதருக்குத் தொடர்புண்டு. இரண்டு இடங்களிலும் மக்கள் எதற்கு உருகினர், எதனைப் புறக்கணித்தனர் என்று நோக்கினால், காதல் நாடகத்தின் உயிர்நிலை ஓரளவு புலப்படும்.

முதலில் பிரெஞ்சு மேடை. 1670ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 21ஆம் நாள், பாரிஸில் ரசீன் என்னும் கவிஞரின் ‘பெரெனிஸ்’ என்ற நாடகம் அரங்கேறியது. அதன் கதையைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். தீத்துஸ் என்பவன் ரோமாபுரியின் பேரரசனாகிறான். யூதேயா நாட்டு அரசி பெரெனிஸை அவன் நெடுங்காலம் காதலித்து வருகிறான், அவளும் அவ்வாறே. ஆனால் அயல்நாட்டு அரசி ஒருத்தியைப் பேரரசன் மணத்தலை ரோமாபுரி ஏற்காது. ஆகவே அவன் அவளைத் திருப்பி அனுப்பவேண்டும். அனுப்புகிறான்; அவள் போகிறாள். நாடகம் முடிந்துவிடுகிறது. கொலையில்லை, நஞ்சில்லை, வாட்போரில்லை. சுவேதோனியுஸ் என்னும் பழைய உரோம வரலாற்றாசிரியர் ஒரு வரியில் கூறிச் சென்ற செய்தியை ரசீன் ஐந்து அங்கங்களாக விரித்தார்.

இதனைக் கண்ட அறிஞர் சிலர் ஏமாற்றமுற்றனர். ஒன்றுமே நிகழாத நாடகமும் ஒரு நாடகமா என்று எள்ளினர். அதே கதையைப் பொருளாகக் கொண்டு, அக்காலத்து மூத்த நாடகாசிரியரான கொர்னேய் எழுதிய வேறொரு நாடகமும் ஒரு வாரத்துக்குள் மோலியேரின் குழுவினரால் மேடையேற்றப்பட்டது. ஒரு நகரம், ஒரு கதை, இரண்டு நாடகங்கள். பொதுமக்கள் தாமே ஒப்பிட்டுக் கொள்ளலாம். கொர்னேயின் நாடகத்தில் சிக்கல்கள் மிகுதி. இரண்டு இணைகள், குறுக்கும் நெடுக்குமான விருப்பங்கள். ரசீனின் நாடகத்திலோ ஒரே பிரிவு. மக்கள் ரசீனின் பக்கமே சாய்ந்தனர். சோக நாடகத்துக்கு இரத்தமும் பிணமும் இன்றியமையாதன அல்ல என்றும், ஒன்றுமில்லாததிலிருந்து ஒன்றை ஆக்கிக் காட்டுவதே புனைவாற்றல் என்றும் ரசீன் தம் முன்னுரையில் விடை பகர்ந்தார்.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. தீத்துஸுக்கும் பெரெனிஸுக்கும் இடையே நின்றது ஒரு கொடியவன் அல்லன், ஒரு சட்டம். கொடியவனை வெல்லலாம், ஏமாற்றலாம், மனம் திருந்தச் செய்யலாம். சட்டத்தை என்ன செய்வது? அதற்கு முகமில்லை. காதலிப்பவனே அச்சட்டத்தின் காவலனாக இருந்துவிட்டாலோ துன்பம் இரட்டிப்பாகிறது. நிகழ்ச்சி குன்றிய அந்நாடகம் மக்களைப் பிணித்ததற்கு, அந்தத் தடை மெய்யான தடையாக இருந்தமையே காரணம் எனலாம்.

அடுத்த பெருவழக்கு 1830ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆம் நாள் எழுந்தது. விக்டர் ஹியூகோவின் ‘எர்னானி’ அன்று மேடையேறிற்று. தமிழில் ‘ஏழை படும் பாடு’ என்ற பெயரால் அறிமுகமான பெருநாவலின் ஆசிரியர் இவரே. அந்நாவல் வெளிவருவதற்கு முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 27 வயதில், நாடக உலகைக் கலக்கினார். அந்நாளில் பிரெஞ்சு நாடகம் பழைய விதிகளுக்குக் கட்டுப்பட்டிருந்தது. கதை ஒரே இடத்தில், ஒரே நாளுக்குள், ஒரே செயலாக நிகழவேண்டும். செய்யுளடி ஒவ்வொன்றும் தன்னளவில் பொருள் முடிந்து நிற்கவேண்டும். ஹியூகோ இவற்றையெல்லாம் மீறினார். நாடகத்தின் முதலடியிலேயே பெயர்ச்சொல்லை ஓரடியின் இறுதியிலும் அதற்குரிய அடைமொழியை அடுத்த அடியின் தொடக்கத்திலும் வைத்தார். அவ்வளவிலேயே அரங்கில் கூச்சல் கிளம்பிற்று. பழைமைக் கட்சியினர் சீழ்க்கையடித்தனர். இளைஞர் கட்சியினர் கை தட்டினர். தியோஃபீல் கோத்தியே என்னும் இளங்கவிஞர் செந்நிற உட்சட்டை அணிந்து வந்து எதிரணியினரைச் சினமூட்டிய கதையைப் பிரெஞ்சு இலக்கிய வரலாறு இன்றும் நகையோடு நினைவு கூர்கிறது. ‘எர்னானிப் போர்’ என்றே அதற்குப் பெயரும் வந்தது.

அப்போரின் ஆரவாரம் அடங்கியபின் நாடகத்தின் மெய்யான குறை நிறைகள் தெரியவந்தன. கள்வனாகத் திரியும் உயர்குடி இளைஞன் எர்னானி. அவன் காதலி தோஞ்ஞா சோல். அவளை அடைய விரும்புவோர் வேறு இருவர்: ஒருவர் அவளுடைய முதிய காப்பாளர், மற்றவர் ஸ்பானிய மன்னர். தன் உயிரைக் காத்த முதியவருக்கு எர்னானி ஒரு கொம்பைக் கொடுத்து, அதனை ஊதும் நாளில் தான் உயிர் விடுவதாக வாக்களிக்கிறான். திருமண இரவில் கொம்பு ஒலிக்கிறது. மணமகளும் மணமகனும் நஞ்சருந்தி மாள்கின்றனர். இதனைக் கேட்கும்போதே இருவகைக் கருத்தும் எழுதல் இயல்பு. கவிதை பெரிது, ஆனால் கொம்பு? நாவலாசிரியர் பால்சாக் பழைமைக் கட்சியைச் சேர்ந்தவர் அல்லர். அவரே அவ்வாண்டில் இந்நாடகத்தைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். மாந்தர் நடந்துகொள்ளும் முறை நம்பத்தக்கதாய் இல்லை என்பதே அவர் குறையின் சாரம். கொம்பின் ஓசை ஆசிரியர் வேண்டும்போது ஒலிக்கிறது. வாழ்க்கை வேண்டும்போது அன்று. காதலரைப் பிரித்தது விதியன்று, ஆசிரியரின் கை என்ற ஐயம் பார்ப்போர் மனத்தில் புகுந்துவிட்டால் கண்ணீர் பாதியில் நின்றுவிடும்.

பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1843ஆம் ஆண்டில் ஹியூகோவின் ‘லே பூர்கிராவ்’ மேடையேறியபோது போர் எதுவும் மூளவில்லை; அதனினும் கொடிய சலிப்பே மூண்டது. ரைன் நதிக்கரைக் கோட்டைகள், முதிய பிரபுக்கள், மாறுவேடங்கள், நெடிய உரைகள் ஆகியவற்றுக்கிடையே இளங்காதலர் இருவரும் எங்கோ மறைந்துபோயினர். அவ்வாண்டிலேயே, பழைய விதிகளைத் தழுவி பொன்சார் எழுதிய ‘லுக்ரேஸ்’ என்னும் நாடகம் பாராட்டுப் பெற்றது. அதன்பின் ஹியூகோ பொது அரங்குக்கு நாடகம் எழுதுவதை ஏறக்குறைய விட்டேவிட்டார். ஒருகாலத்தில் இளைஞரைத் தோள் தட்டி எழச் செய்த நாடக மரபே, ஒரு தலைமுறை கழியுமுன் அவர்களை உறங்கச் செய்தது. புதுமை ஒரு நாடகத்தை ஒருமுறை கவனிக்கச் செய்யும். மறுமுறை பார்க்கச் செய்வது உண்மை.

அந்த உண்மையை மீண்டும் மேடைக்குக் கொண்டுவந்தவர் எட்மண்ட் ரொஸ்தான். 1897ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் அவருடைய ‘சிரானோ த பெர்ஜெராக்’ அரங்கேறியது. நாயகன் சிரானோ வீரன், கவிஞன். ஆனால் அவன் மூக்கு அளவுக்கு மீறிப் பெரியது. தன் உறவுப்பெண் ரொக்ஸானை அவன் உள்ளூரக் காதலிக்கிறான், சொல்ல நாணுகிறான். அவளோ அழகிய கிறிஸ்தியானை விரும்புகிறாள். கிறிஸ்தியானுக்கு அழகுண்டு, சொல்லில்லை. ஆகவே சிரானோ அவனுக்காக மடல் எழுதுகிறான். இருளில் மாடத்தின்கீழ் நின்று அவன் குரலாகவும் பேசுகிறான். கிறிஸ்தியான் போரில் மடிகிறான். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், சிரானோ இறக்கும் தறுவாயில், அந்தி இருளில் ஒரு பழைய மடலைப் பார்க்காமலே ஒப்புவிக்கும்போதுதான், தான் காதலித்தது எவருடைய சொல்லை என்று ரொக்ஸான் அறிகிறாள்.

இக்கதையிலும் நம்பற்கரியவை இல்லாமலில்லை. எனினும் மக்கள் அவற்றைப் பொறுத்தனர். தன்னை எவரும் விரும்பார் என்னும் அச்சத்தால் சொல்லை விழுங்கிய ஒருவன் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. தடை மூக்கன்று, நாணமே என்பது பார்ப்போருக்கு விளங்கிற்று. அதனால்தான் இந்நாடகம் பல மொழிகளில் பல வடிவம் பெற்று உலவுகிறது. தமிழிலும் 1994ஆம் ஆண்டில் கே. பாலசந்தர் இயக்கிய ‘டூயட்’ என்னும் திரைப்படத்தில், ஒருவன் படைத்த பாடலுக்காக மற்றொருவனை விரும்பும் பெண்ணின் கதையாக இதன் சாயல் தோன்றியது.

இனி மலையகத்துக்கு வருவோர், காலத்தாலும் இடத்தாலும் தொலைவு வந்தவராவர். ஆனால் கேள்வி மாறவில்லை. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும், கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும், தமிழகத்தின் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் வந்தனர். தொடக்கத்தில் வந்தோர் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாக மாத்தளையை அடைந்தனர். வழியில் மாண்டோர் பலர். கையில் கொண்டுவந்த பொருள் சிறிது; நெஞ்சில் கொண்டுவந்தவை கூத்தும் பாட்டும். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு, காமன் கூத்து ஆகிய மூன்றும் மலையகத்தின் பெருங்கூத்துகளாக நிலைபெற்றன. இம்மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்து, 1983ஆம் ஆண்டில் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் நூலாக வெளியிட்ட சி. வி. வேலுப்பிள்ளை, இச்செல்வத்தின் அருமையை நாடறியச் செய்தவருள் ஒருவர்.

காமன் கூத்தின் கதை புராணக் கதையே. கச்சியப்பரின் கந்தபுராணத்தில் காமதகனப் படலமாகவும், காளிதாசரின் குமாரசம்பவத்தில் ரதியின் புலம்பலாகவும் கற்றோர் அறிந்தது. சிவபெருமான் தவத்திலமர்ந்திருக்கிறார். அவர் கண் விழித்து உமையை மணந்தாலன்றித் தேவர் துயர் தீராது. ஆகவே மன்மதனைத் தேவர்கள் ஏவுகின்றனர். போனால் மீளமாட்டாய் என்று ரதி தடுக்கிறாள். ஏவிய பணியை மறுத்தல் இயலாதென்று அவன் செல்கிறான். மலர்க்கணை பாய்கிறது, நெற்றிக்கண் திறக்கிறது, மன்மதன் சாம்பராகிறான். ரதி புலம்புகிறாள். இறுதியில் அவள் கண்ணுக்கு மட்டும் தோன்றுமாறு அவனுக்கு உயிர் அருளப்படுகிறது.

தோட்டத்தில் இது ஓர் இரவு நாடகம் அன்று. மாசி மாதத்து வளர்பிறையில் கரும்பு முதலியவற்றைச் சேர்த்துக் கட்டிய காமன் கம்பம் நடப்பெறும். அன்று தொட்டுத் தப்பு முழங்கும். விடியற்காலையில் தொழிலாளரைப் பெரட்டுக்கு எழுப்பிய அதே தப்பு, மாசி மாதத்து இரவுகளில் மன்மதனையும் ரதியையும் அழைத்துவரும். ரதி வேடத்தையும் ஆண்மகன் ஒருவனே நோன்பிருந்து பூணுவது மரபு. பகலில் மலையில் வேலை செய்தவர்கள் இரவில் தேவராகவும் எமனாகவும் தூதனாகவும் குறவன் குறத்தியாகவும் வேடம் புனைவர். பௌர்ணமியை ஒட்டிய இறுதி இரவில் கூத்து முழுமையாக ஆடப்பெற்று, கம்பம் தீயிடப்படும். நுவரெலியாப் பகுதியில் மாசி இரவின் குளிர் புல்லின்மேல் உறைபனி படியச் செய்யவும் வல்லது. அக்குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, குழந்தைகளை மடியில் கிடத்திக்கொண்டு, விடியும்வரை ஒரு சபை அமர்ந்திருக்கிறதென்றால், அதனைப் பிணித்து வைப்பது எது?

கதை முடிவு அனைவர்க்கும் தெரியும். அடுத்து என்ன நிகழுமோ என்னும் ஆவல் அங்கு இல்லை. மன்மதன் எரிவான் என்பது சிறு குழந்தைக்கும் தெரியும். ஆகவே ரசீனின் நாடகம் போலவே இதுவும், நிகழ்ச்சியால் அன்று, பிரிவின் கனத்தால் நிற்கிறது. சபை காத்திருப்பது தீக்காக அன்று. தீக்கு முன்னர் ரதி தடுக்கும் வாதத்துக்காகவும், தீக்குப் பின்னர் அவள் அழும் பாட்டுக்காகவும். ரதியாக ஆடுபவர் நன்கு பாடினால் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வர். குரல் எழும்பாவிடில், வேடமும் விளக்கும் எவ்வளவு சிறப்பாயிருந்தாலும், கூத்து சோபிக்கவில்லை என்று மறுநாள் மலையில் பேச்சு நடக்கும்.

கருத்து வேறுபாட்டுக்கு இம்மரபு ஓர் இடமே ஒதுக்கியிருக்கிறது என்பதும் குறிப்பிடத்தக்கது. தஞ்சைப் பகுதியில் காமன் பண்டிகையையொட்டி லாவணி பாடுவர். ‘எரிந்த கட்சி’, ‘எரியாத கட்சி’ என இரு பிரிவாக அமர்ந்து, மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா என்று இரவெல்லாம் பாட்டிலேயே வாதாடுவர். எர்னானிக்காகப் பாரிஸ் நகரத்தார் சீழ்க்கையடித்துச் சண்டையிட்டதை ஒரு வியப்பாகக் கூறுவதுண்டு. காதற்கடவுளின் கதியைப் பற்றி ஊரே இரு கட்சியாகப் பிரிந்து, தாளம் தவறாமல் வாதாடிய பெருமை தமிழ் நாட்டுப்புறத்துக்கும் உண்டு.

மலையகத்து ரதியின் புலம்பலுக்கு மற்றொரு கனமும் சேர்ந்தது. அதனை அறியப் புராணம் போதாது, வரலாறு வேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழரில் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள், இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, அவருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974ஆம் ஆண்டில் உடன்பாடு கண்டனர். எண்கள் அரசுகளுக்கு உரியவை. தோட்டத்திலோ, அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தங்கைக்கு இலங்கைக் குடியுரிமையும் கிடைத்தன. பக்கத்து லயத்தில் வளர்ந்த இருவருள் ஒருவர் பெட்டியைக் கட்டினார். மற்றவர் மலையில் கொழுந்து கொய்துகொண்டு நின்றார். ஹட்டன் நிலையத்தில் கோச்சி ஏறித் தலைமன்னார் சென்று, ‘இராமானுஜம்’ கப்பலில் இராமேசுவரம் சேர்ந்தவர் பலர். அவருட் சிலர் பின்னர் நீலகிரியின் தேயிலை மலைகளிலேயே வேலைக்கமர்ந்தனர். நாடற்ற நிலை சட்டத்தால் முற்றாக நீங்குதற்கு 2003ஆம் ஆண்டுவரை செல்லவேண்டியிருந்தது.

போகாதே என்று ரதி தடுக்க, ஏவியபடி போயே ஆகவேண்டுமென்று மன்மதன் சொல்லும் கட்டத்தை, அக்காலத்தில் அமர்ந்து கேட்டவர்களுக்கு அது பழங்கதையாகத் தோன்றியிருக்க இயலாது. ரோமாபுரியின் சட்டத்துக்காகப் பெரெனிஸ் கிழக்கு நோக்கிச் சென்றாள். இவர்களை ஓர் ஒப்பந்தம் கடல் கடக்கச் செய்தது. இரண்டிடத்தும் எதிரே நின்று வாதாட ஒரு பகைவன் இல்லை. அழுவதற்கு மட்டுமே இடமிருந்தது; அந்த அழுகைக்குக் கூத்து ஒரு முறையான மேடை தந்தது. சொந்தப் பிரிவை வெளிப்படையாகச் சொல்லி அழ நாணுவோரும் ரதிக்காக அழலாம்.

அதே 1964ஆம் ஆண்டில், பிரான்சிலும் பிரிவைப் பொருளாகக் கொண்ட காதற் படமொன்று வெளிவந்தது. ழாக் தெமி இயக்கிய ‘ஷெர்பூர்க் நகரத்துக் குடைகள்’ கான் திரைப்பட விழாவின் தலைமைப் பரிசையும் பெற்றது. அதில் ஒரு சொல்லும் பேச்சாக வராது, எல்லாம் பாட்டு. கூத்துப் பார்த்துப் பழகிய தமிழருக்கு இது வியப்பன்று. பிரான்சில் சிலருக்கோ, மோட்டார் திருத்துமிடத்துப் பேச்சைக்கூடப் பாடுவது நகைப்புக்கிடமாயிற்று. சர்க்கரைப் பாகு மிகுந்ததென்றும் கூறினர். கதை எளியது. குடைக்கடைப் பெண் ஜெனவியேவும் மோட்டார்த் தொழிலாளி கீயும் காதலர். அல்ஜீரியப் போருக்காக அவன் கட்டாயமாகப் படையில் சேர்க்கப்படுகிறான். கடிதங்கள் குறைகின்றன. கருவுற்ற அவள் வேறொருவரை மணக்கிறாள். ஆண்டுகள் கழித்து, பனி பெய்யும் இரவில், ஒரு பெற்றோல் நிலையத்தில் இருவரும் எதிர்பாராமற் சந்தித்து, சில சொற்கள் பேசிப் பிரிகின்றனர். 1954 முதல் 1962 வரை நடந்த அப்போருக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள் பிரான்சில் எண்ணற்றவை. பாட்டைக் கேட்டு நகைத்தவர் உண்டு. அந்தத் தடையைப் பொய்யென்றவர் இல்லை.

பிரெஞ்சு நாடகத்தில் கண்ட குறை மலையகக் கூத்துக்கும் நேரக்கூடியதே. கலைவிழா மேடையில் அரை மணிநேரத்துக்குள் அடங்கவேண்டுமென்று காமன் கூத்தைச் சுருக்கும்போது, முதலில் வெட்டப்படுவது ரதியின் புலம்பல். எஞ்சுவது ஆட்டமும் தீயும். கண்ணுக்கு அது விருந்தாகலாம். எனினும் தீ இங்கே எர்னானியின் கொம்பைப் போல ஆகிவிடுகிறது; நேரம் வந்தது, எரிந்தது, முடிந்தது. யார் யாரை இழந்தார் என்று பார்ப்போருக்கு உறைப்பதில்லை. தோட்டத்தை விட்டு இளைஞர் கொழும்புக்கும் பிற நகரங்களுக்கும் தொழில் தேடிச் செல்லும் இக்காலத்தில், பல இரவுகள் பயின்று ரதியின் பாட்டை மனனம் செய்வோர் அருகிவிட்டால், அண்ணாவி அறிந்த பாட்டு அவரோடு போய்விடும். ஏட்டில் எழுதி வைப்பது நன்று. அதனினும் நன்று, அதனைப் பாட ஒரு குரலைப் பழக்கி வைப்பது.

பிரெஞ்சு மேடையும் தமிழர் வாழ்வும் நேராகச் சந்தித்த நிகழ்ச்சியொன்றும் அண்மைக் காலத்தில் உண்டாயிற்று. 2015ஆம் ஆண்டில் கான் விழாவின் தங்கப் பனை விருதைப் பெற்ற ‘தீபன்’ என்னும் பிரெஞ்சுப் படத்தை இயக்கியவர் ழாக் ஓதியார். அதன் உரையாடலிற் பெரும்பகுதி தமிழ். நாயகனாக நடித்தவர் ஷோபாசக்தி என்னும் பெயரால் எழுதிவரும் ஈழத்து எழுத்தாளர் அந்தோனிதாசன். நாயகியாக நடித்தவர் காளீஸ்வரி சீனிவாசன். ஈழப் போரிலிருந்து தப்பும் ஒருவனும் ஒருத்தியும் ஒரு சிறுமியும், அயலாராயிருந்தும், ஒரு குடும்பமென நடித்து பிரான்சை அடைகின்றனர். நடிப்பு மெல்ல மெல்ல மெய்யாகிறது. பாரிஸின் புறநகர்க் குடியிருப்பொன்றில், வேண்டாவெறுப்பாகச் சமைத்த உணவிலிருந்தும் தயங்கிச் சொன்ன ஒரு சொல்லிலிருந்தும் காதல் பிறக்கிறது. இப்பகுதியைப் பாராட்டாதவர் அரிது. ஆனால் இறுதியில் வரும் துப்பாக்கிச் சண்டையும், அதன்பின் இங்கிலாந்தில் காட்டப்படும் அமைதியான வாழ்வும் விமரிசகர் பலருக்கு ஏமாற்றம் தந்தன. 1830இல் பால்சாக் கூறிய குறையே 2015இலும் எழுந்தது: அதுவரை வாழ்க்கை நடத்திச் சென்ற கதையை, முடிவில் ஆசிரியர் கையிலெடுத்துக்கொண்டார் என்பது.

இவற்றையெல்லாம் ஒருங்கே நோக்கினால், காதல் நாடகத்தைப் பற்றிய கருத்து வெறும் சுவை வேறுபாடு அன்று என்பது விளங்கும். அதனைப் பார்ப்பவர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளத்தக்க வினாக்கள் சிலவுண்டு. காதலரைப் பிரிக்கும் தடை வாழ்வில் உள்ளதா, மேடைக்கெனச் செய்ததா? பிரியுமுன் அவர்கள் பேச இடம் தரப்பட்டதா? பிரிந்தபின் எஞ்சியவரின் துயரைக் கேட்க நாடகம் பொறுமையாக நிற்கிறதா? இவற்றுக்கு ஆம் என்று விடை கிடைக்குமாயின், மேடையில் நிகழ்வது சிறிதாயினும் மனம் நிறையும். இல்லை என்றால், நஞ்சும் வாளும் வாணவேடிக்கையும் கூடினும் மனம் எட்டியே நிற்கும்.

ரசீனைப் படிக்கப் பிரெஞ்சு மொழியோ மொழிபெயர்ப்போ வேண்டும். சிரானோவைக் காண அரங்கோ திரையோ வேண்டும். காமன் கூத்தைக் காண வேண்டுவன மாசி மாதத்து ஓர் இரவும் ஒரு கம்பளியும். ஹட்டனுக்கோ தலவாக்கலைக்கோ அப்பால் ஏதேனும் ஒரு தோட்டத்தில் கம்பம் நட்டிருப்பதாகக் கேள்விப்படுவோர், தீ மூட்டும் நேரத்துக்கு மட்டும் போய்த் திரும்பாமல், ரதி தடுக்கத் தொடங்குமுன்பே சென்று அமர்வார்களாக. எரிந்தபின் அவள் பாடி முடிக்கும்வரை எழாதிருப்பார்களாக. கூத்தின் பொருள் அவ்விரண்டுக்கும் இடையிலே இருக்கிறது.